கூட்டாமல் கிடந்த வாசல்

லயத்திலே எங்கள் வாசல்தான் வாசல். மற்ற வீட்டு வாசலெல்லாம் வெறும் மண். பெருமையாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருமைதான், ஆனால் அது என் அம்மா சம்பாதித்த பெருமை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டம் அது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், முன்னால் நீளமாக ஓடும் அஞ்சடி என்கிற தாழ்வாரம், அதைத் தாண்டி வீட்டுக்கு ஒரு துண்டு வாசல். விடிகிற நேரத்துக்கு அம்மா ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி முடித்தால், கூட்டிய கோடு வெயில் ஏறும்வரை கலையாது. வேலைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். கலைத்தவரை அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். பார்ப்பாள். அதுவே போதும்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதனால் எழுத்தைக் கூட்டுவதற்கு முன்னாலேயே வாசலைக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். எழுத்து பிற்பாடு, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு வந்தது.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். பால் வெட்டு பாதி நின்றுபோய், மரத்துக்கு மரம் நடுவில் மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆம்பிளை என்று கங்காணி சொல்லிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் இருந்ததே ஓர் ஆம்பிளைதான், அப்பா. அவருக்கும் காய்ச்சல். மருந்து எங்கும் இல்லை. கங்காணி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “வண்டியில ஏறி உக்காந்தா காத்துப் பட்டுச் சரியாயிரும்” என்றார்.

அப்பா புறப்படும் முன்பு பின்கட்டில் உட்கார்ந்து மரவள்ளிக் குச்சிகளை முழநீளத்துக்கு வெட்டி, நார் போட்டுக் கட்டி வைத்தார். இரண்டு குச்சிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினார். “காயுறதுக்குள்ள நட்டுரு” என்று அம்மாவிடம் சொன்னார். வேறு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்தது. அம்மாவுக்குத் தம்பி முறையான மாமா ஒருவர், லயத்தின் கடைசி வீட்டுக்காரர், முதலில் ஏறி அப்பாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அப்பா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “போயிட்டு வாரேன்” என்றார். அம்மா, “போயிட்டு வாங்க” என்றாள். ஈப்போவுக்குப் போகிறவரை அனுப்புவது போலத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் பழக்கத்தில் அம்மாவின் கை விளக்குமாற்றுக்குப் போனது. குனிந்தாள். குனிந்தபடியே சற்று நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, விளக்குமாற்றைக் கூரை இடுக்கில் எனக்கு எட்டாத உயரத்தில் செருகி வைத்தாள்.

“ஊருக்குப் போன ஆளு போய்ச் சேருற வரைக்கும் வாசலைக் கூட்டக் கூடாது.”

அது எனக்குத் தெரிந்த சட்டம்தான். அப்பா ஈப்போவுக்குப் போனால் வெயில் முருங்கை மரத்துக்கு வரும்வரை அம்மா பொறுத்திருப்பாள். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று கணக்கு. ஆனால் சயாமுக்கு வெயில் எந்த மரத்துக்கு வர வேண்டும்? நான் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒன்று தெரியாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நாலு முட்டையைத் துணியில் முடிந்துகொண்டு செமோர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழ் முஸ்லிம் பெரியவர், தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் நானா. முட்டையை வாங்கிக்கொண்டு உப்பை மடித்துக் கொடுத்தார். அம்மா நகரவில்லை.

“சயாமுக்கு எப்பப் போய்ச் சேருவாங்க நானா?”

“அது பாகான் செராய், பாடாங் பெசார்னு மேல மேல போற வழி தங்கச்சி. முன்னெல்லாம் சொல்லிப்புடலாம். இப்ப வண்டியும் அவன் வண்டி, கடியாரமும் அவன் கடியாரம்.” அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தராசில் ஒரு கல் உப்பைக் கூடப் போடுகிற மாதிரி, “ஒரு வாரம்னு வச்சுக்கயேன்” என்றார்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கு வெள்ளி. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா போய்ச் சேருவார், அன்றைக்கு வாசலைக் கூட்டலாம்.

சோதனை என்னவென்றால் அது மாசி மாதம். பால் மரங்கள் இலை கொட்டும் காலம். பச்சையாக நிற்கிற காடு செம்பு நிறமாகிப் பொலபொலவென்று உதிரும். மற்ற வருஷங்களில் அம்மா நாளுக்கு மூன்று தரம் கூட்டும் மாதம் அது. இரண்டே நாளில் எங்கள் வாசல் காணாமல் போயிற்று. கோழி நடந்தாலே ஆள் வருகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

அம்மா மற்ற வேலை ஒன்றையும் விடவில்லை. அப்பா கட்டி வைத்த குச்சிகளைப் பின்பக்கத்தில் மேடு கோலி நட்டாள். வாழைச் சருகை எரித்த சாம்பலில் துணிகளை ஊறப்போட்டு, கல்லில் அடித்து அலசினாள். சவுக்காரம் கண்ணில் பார்த்து நாளாகியிருந்தது. மூங்கிலைப் பிளந்து வேலியின் ஓட்டையை அடைத்தாள். கிழிந்த என் பாவாடைக்குச் சாக்கில் ஒட்டுப் போட்டாள், அன்னாசி நாரை முறுக்கி நூலாக்கி. அடுப்புச் சாம்பலைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளினாள். வீட்டுக்குள் கிடந்த குப்பையைக்கூட விரலால் பொறுக்கினாள். துடைப்பம் மட்டும் கூரையிலிருந்து இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இது பண்டிகையாகிவிட்டது. அப்பாவுக்குத் தங்கை முறை. வருஷக்கணக்காக எங்கள் வாசலோடு போட்டி போட்டுத் தோற்றவர். அஞ்சடியில் நின்று ராகம் போட்டுக் கேட்டார்.

“ஏன் அண்ணி, வெளக்கமாத்தையும் சப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டானா?”

அம்மா வேலியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கால வச்சா மொழங்கால் வரைக்கும் பொதையுது. பாம்பு கெடந்தாக்கூடத் தெரியாது.”

“கடிச்சா சொல்லி அனுப்புறேன், வந்து மந்திரிச்சு விடு” என்றாள் அம்மா.

நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மாவை ஒருவர் கேலி பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா இன்னும் போய்ச் சேரல அத்தை. வெள்ளிக்கிழமைதான் கூட்டுவோம்” என்று கத்தினேன். அத்தை தன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் போன மறுநாளே அவர் தன் வாசலைக் கூட்டியிருந்தார். அன்றைக்குப் பிறகு எங்கள் வாசலைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. தன் கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வைத்தார், எங்கள் பக்கம் வந்து கிளறாமல் இருக்க.

செவ்வாய்க்கிழமை கங்காணி வந்தார். வாசலைப் பார்த்ததும் கைப்பிரம்பால் இலையைக் கிளறினார்.

“நாளைக்கு சப்பான்காரன் லயத்தைப் பாக்க வாரான். ஒரு எலை கெடக்கக் கூடாது. கெடந்துச்சுன்னா இந்த மாசம் ஒனக்கு அரிசி கெடையாது. பொறகு எங்கிட்ட வந்து அழாதே.”

“ஒரு எலை கெடக்காது” என்றாள் அம்மா.

“இப்பவே வெளக்கமாத்த எடு.”

“எலை கெடக்காதுன்னு சொன்னேன். எப்படிங்கிறது என் பாடு.”

அவர் போனதும் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலின் ஒரு மூலையில் உட்கார்ந்து இலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். கையால். ஒவ்வொன்றாக. நானும் உட்கார்ந்தேன். ஒரு முறத்துக்கு நாங்கள் பொறுக்கினால் இரண்டு முறத்துக்கு மரம் கொட்டியது. இடுப்பு விட்டுப்போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

“மூங்கில் குச்சியில குத்தி எடுக்கலாமாம்மா?”

அம்மா கையை நிறுத்தி வெகுநேரம் யோசித்தாள். கோயில் விஷயத்தைத் தீர்மானிப்பது போல யோசித்தாள்.

“குத்தலாம். இழுக்கக் கூடாது.”

குத்தினோம். இழுக்கவில்லை. பொறுக்கிய இலையெல்லாம் அப்பாவின் மரவள்ளி மேட்டுக்குப் போனது. மறுநாள் வெயில் ஏறும் முன்பே மறுபடியும் உட்கார்ந்தோம்.

ஜப்பான்காரன் வந்தபோது லயமே அஞ்சடிக்குக் கீழே வரிசையாகக் குனிந்து நின்றது. குனியாவிட்டால் அறை விழும். அவன் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு கோடுகூட இல்லாத, மொட்டையான சுத்தம். அந்தச் சமயம் பார்த்து ஓர் இலை சுற்றிச் சுற்றி இறங்கி அவன் பூட்சுக்கு முன்னால் விழுந்தது. கங்காணியின் முகம் வெளுத்தது. அம்மா குனிந்ததோடு குனிந்ததாக எட்டி அந்த இலையை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். அவள் குனிந்தது அவனுக்கா, இலைக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

அவன் ஏதோ கேட்டான். கூட வந்தவன் கங்காணியிடம் சொன்னான். கங்காணி எங்களிடம் சொன்னார்: “இவளுக்குப் பைத்தியமான்னு கேக்குறான்.”

“ஆமான்னு சொல்லுங்க” என்றாள் அம்மா.

அரிசி தப்பியது. அதைவிட, வாசல் தப்பியது. இன்னும் இரண்டு நாள்தான் என்று நான் அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டே திரிந்தேன். விளக்குமாற்றைக் கூரையிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று சொல்லி, அதற்காக ஒரு பலகையைக்கூடக் கொண்டுவந்து போட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குச்சிகளில் கணுவுக்குக் கணு சிவப்பாக முளை விட்டிருந்தது. மரக்காட்டுப் பக்கமிருந்து ஓர் ஆள் வந்தான். முகம் வீங்கி, கால் கிழிந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசி வீட்டு மாமா.

“பாப்பா, அக்கா எங்க?”

அம்மா அவரைச் சமையற்கட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து, அவித்த மரவள்ளியை எடுத்து வைத்தாள். என்னைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினாள். நான் திரும்பி வரும்போது கிழங்கு அப்படியே இருந்தது. மாமா தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“தண்ணி கேட்டாருக்கா. வண்டிய நிறுத்தல. மச்சானைப் பாகான் செராய்லயே எறக்கிட்டானுங்க. நான் அப்பவே குதிச்சிட்டேன்.”

“எப்ப?” என்றாள் அம்மா.

“அன்னைக்கே. வெள்ளிக்கிழமையே. இருட்டுறதுக்குள்ள.”

அம்மா கிழங்கை இலையில் மடித்து அவர் கையில் கொடுத்தாள். மாமா எழுந்தார். ஹுத்தான் மெலிந்தாங் ஊருக்குப் போய் மீன்காரர்களோடு இருந்துகொள்வதாகச் சொன்னார். என் தலையில் கைவைக்க வந்து, வைக்காமலே போனார். அவர் வந்ததை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொன்னாள். நான் விடவில்லை.

ஆனால் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பாவை சயாம் வரைக்கும் கொண்டுபோகவில்லை. பாகான் செராயிலேயே இறக்கிவிட்டார்கள். பாகான் செராய் நம் பேரா மாநிலத்திலேயே இருக்கிற ஊர். வயல்காட்டு ஊர். அரிசிக்குப் பஞ்சமே இருக்காது.

அம்மா என் பலகையில் ஏறவில்லை. கையை நீட்டி விளக்குமாற்றை உருவினாள். வாசலில் இறங்கிக் கூட்ட ஆரம்பித்தாள். மூலை முடுக்கு விடாமல், கோடு கோடாக, பழையபடி. கூட்டி முடித்ததும் நான் எடுத்துவந்த தண்ணீரை அஞ்சடியில் ஊற்றிக் கழுவினாள். வாசலிலும் ஊற்றி, மறுபடியும் விளக்குமாற்றைப் போட்டுத் தள்ளினாள். ஊருக்குப் போனவர் சேர்ந்தால் கூட்டுவார்கள், கழுவமாட்டார்கள். கழுவுவது எந்த வீட்டில் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கள் வீட்டிலிருந்து யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லையே.

“நாளைக்குத்தானம்மா வெள்ளி? அப்பா போய்ச் சேந்துட்டாரா?”

விளக்குமாறு நின்றது.

“ஆமாடி” என்றாள் அம்மா. “போய்ச் சேந்துட்டாரு.”

அவ்வளவுதான். நான் ஓடினேன். அஞ்சடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு, “எங்கப்பா போய்ச் சேந்துட்டாரு! எங்கப்பா போய்ச் சேந்துட்டாரு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அத்தை கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே போட்டார்.

“யாருடி சொன்னா?”

மாமாவைப் பற்றிச் சொல்லக் கூடாது அல்லவா? “அம்மா வாசலைக் கூட்டுறாங்க அத்தை, வந்து பாருங்க. தண்ணி ஊத்திக்கூடக் கழுவிட்டாங்க!”

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். வீட்டுக்கு வீடு பெண்கள் இறங்கி வந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். சந்தோஷத்திலும் பெரியவர்கள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் அப்பா சேர்ந்ததற்கு லயமே இப்படி அழுகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. கூட்டத்துக்கு முன்னால் நான்தான் நடந்தேன்.

அம்மா ஈர வாசலின் நடுவில் நின்றிருந்தாள். அழவில்லை. அத்தை நேராகப் போய் அம்மாவின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடித்தார்.

“குடுங்க அண்ணி. மிச்சத்த நான் கூட்டுறேன்.”

அம்மா கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் கொடுக்காத விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் முதுகு ஒடியக் காத்திருந்தது நாங்கள். எங்கள் அப்பா போய்ச் சேர்ந்த வாசலை வேறொருத்தி கூட்டுவதா? நான் விளக்குமாற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று காலை ஊன்றி நின்றேன்.