கண்ணை மூடியபோது எழுந்த அலை

மரக்காணம் உப்பளத்தில் மீன் பிடிக்க வாய்க்கால் மடையைத் திறந்த நான், அதை அடைக்க மறந்து வீட்டுக்கு ஓடிவிட்டேன். எழுபதுகளில் ஒரு கோடை. எனக்குப் பதினோரு வயது. பாத்திகளில் தண்ணீர் பாய்ந்து, மறுநாள் வார வேண்டிய உப்பெல்லாம் கரைந்துபோனது. மடைக் காவல் என் சித்தப்பாவுடையது. "நான்தான் சரியா அடைக்கல போலங்க" என்று முதலாளியிடம் அவரே சொன்னார். வேலை போயிற்று. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டரம்மா எங்கள் பள்ளிக்கு வந்தார். படம் பார்க்கும்போது பிள்ளைகளின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிறாராம். வாத்தியார் என் பெயரைக் கொடுத்தார். வேலையில்லாமல் இருந்த சித்தப்பாதான் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனார்.

தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள்.

"பசையில உப்பு இருக்குது. அதான் கரண்ட நல்லா கடத்தும்" என்றார் மெஷின்காரர்.

"எங்க ஊர் உப்பாங்க?" என்று சிரித்த சித்தப்பா, "இவன் மண்டைக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணு விடாம வந்துடும். ஏம்பா, எதாச்சும் திருட்டுத்தனம் பண்ணியிருக்கியா?"

இல்லையென்று தலையாட்டப் போனேன்; ஒயர்கள் இழுத்தன.

திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வந்தன. பிறகு, எங்களுக்குப் பழகியவை வேண்டுமென்று ஊரிலேயே எடுத்த படங்கள். படகு, மாடு, அதன்பின் உப்புப் பாத்தி. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். மெஷினில் ஓடிய காகிதத்தில் மெல்லக் கீறிக்கொண்டிருந்த பேனாக்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"கண்ணத் திறடா தம்பி!"

திறந்தேன். பேனாக்கள் அடங்கின.

முடிந்ததும் டாக்டரம்மா காகிதத்தை விரித்துச் சித்தப்பாவிடம் காட்டினார். "பாத்தி படம் வந்ததும் கண்ண மூடிட்டான். பாருங்க, எவ்வளவு பெரிய அலை."

சித்தப்பா காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பயந்துட்டான் போலங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கோலி சோடா வாங்கித் தந்து என் தலையைத் தடவினார். அவருக்குத் தெரிந்துவிட்டது, மன்னித்தும் விட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்ற நிம்மதியில் வழியெல்லாம் தூங்கினேன்.

கண்ணை மூடினால் யாருக்கும் மூளையின் அந்த அலை பெரிதாகும், குற்றமற்றவனுக்கும்கூட, என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். சித்தப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்தக் கோடைக்குப் பின் கடைசிவரை அவர் எந்தக் குழாயை மூடினாலும் இரண்டு முறை திரும்பிப்போய்த் தொட்டுப் பார்ப்பார். சிறுவனாக இருந்தபோது அதைச் செய்துகாட்டி வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.