வெட்டுமேசைமேல் ஒரு கைப்பேசி

எங்கள் வார்டின் நகர்மன்ற உறுப்பினர் ஒரு பெண் தையற்காரர். பேச்சை நீளவிடாமல் நறுக்கிவிடுவதால் ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘கத்தரி’. தேர்தலில் அவர் தந்தது ஒரே வாக்குறுதி.

“மன்றத்துல என் கை தானா உயராது. நீங்க போன்ல எதுக்கு அதிகமா ஓட்டுப் போடுறீங்களோ, அதுக்குத்தான் உயரும்.”

அதற்கென நகராட்சி ஒரு செயலியை அமைத்துக் கொடுத்தது. தெருவிளக்கு, சாக்கடை மூடி எனப் பலவும் அவ்வழியே முடிவாயின. கத்தரி ஒருமுறையும் சொல் தவறவில்லை.

சந்தைக்குப் பின்னாலுள்ள காலியிடம் வாக்கெடுப்புக்கு வந்தபோதுதான் அவருக்குச் சோதனை வந்தது. அங்கே வண்டி நிறுத்துமிடமா, பெண்களுக்குக் கழிப்பறையா? மாலையோடு வாக்கெடுப்பு முடியும். மறுநாள் மன்றம் கூடும். நண்பகலில் வண்டி நிறுத்துமிடம் வெகுவாக முந்தியிருந்தது.

அப்போது, சந்தையில் காய் விற்கும் பெண் ஒருவர் கிழிந்த பையோடு தையற்கடைக்கு வந்தார். கத்தரி தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

“வேணாம்க்கா. தண்ணி குடிச்சா அப்புறம் எங்க போறது? வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்.”

“அந்த இடத்துக்கு ஓட்டுப் போட்டியா?”

“எங்க வீட்டு ஓட்டை அவரு போட்டுட்டாரே, வண்டி நிறுத்த!”

“வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னு யாரு சொன்னா?”

“வீட்டுல ஒரு போன்தானேக்கா இருக்கு?”

கத்தரியின் கால் தையல் மிதியிலேயே நின்றுவிட்டது. வாக்கு என்பது அடையாள அட்டைக்கு உரியது, கைப்பேசிக்கு உரியதன்று. அட்டை எண்ணைப் பதிந்தால் எந்தக் கைப்பேசியிலிருந்தும் வாக்களிக்கலாம். தமக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரியும் என்று அவர் இருந்துவிட்டார்.

உடனே வெட்டுமேசையிலிருந்த துணியை ஒதுக்கித் தம் கைப்பேசியை வைத்தார். செய்தி பரவியது. கடைவாசலில் அட்டையும் கையுமாகப் பெண்கள் வரிசை கட்டினர்.

சாப்பிட வந்த கத்தரியின் கணவர் வாடகைக்கார் ஓட்டுநர். வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, உறுப்பினரே ஆள் சேர்க்கலாமா?”

“எதுக்குப் போடுன்னு நான் வாயே திறக்கலை. அவங்க அழுத்துறப்போ சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிறேன். உங்க வண்டிக்காரங்களையும் வரச் சொல்லுங்க.”

“அவங்கல்லாம் காலையிலேயே போட்டாச்சு!”

“அப்புறம் என்ன? வழியை விடுங்க, அண்ணி வரட்டும்.”

பின்னால் நின்றவர் கணவரின் சொந்த அக்காள். “வண்டி வெயில்ல நின்னா கறுத்தாடா போயிடும்? அதுதான் ஏற்கெனவே கறுப்பாச்சே!” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. கணவரும் ஒதுங்கி நின்று சிரித்தார்.

மாலையில் கழிப்பறை முந்தியது. மறுநாள் மன்றத்தில் கத்தரியின் கை அதற்கே உயர்ந்தது. இப்போது காய் விற்பவர் கடைக்கு வந்தால், கேட்டு வாங்கித் தண்ணீர் குடிக்கிறார்.

சென்ற வாரம் பேருந்து நிலையத்தருகே வண்டி நிறுத்துமிடம் வேண்டுமா என்று செயலி கேட்டது. காலையிலேயே கணவர் வெட்டுமேசையைத் துடைத்துத் தம் கைப்பேசியை வைத்து, “வாங்க அக்கா, அட்டை எடுத்துட்டு வந்தீங்களா?” என்று வாய் நிறைய அழைத்துக்கொண்டிருந்தார்.

கத்தரி தையலை விட்டு எழுந்து வந்தார். கணவரின் தோள்களைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினார்.