டிவியின் வலது பாதி

பழுதான கருவியை, அது அன்றாடம் எந்த இடத்தில் ஓடுகிறதோ அந்த இடத்திலேயே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அலுவலகத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விதிகளில் இதுதான் முதலாவது. கருவிகளைப் பார்த்து, இது தேறும், இது இனி உதவாது என்று சான்று எழுதும் பிரிவில் இருந்தேன். இந்த விதியைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்று ஜவ்வாது மலைக்குக் குடிவந்தபின் முதல்முறையாக ஒரு பழுது என்னைத் தேடி வந்தபோது, டிவியை என் வீட்டுக்குத் தூக்கிவரச் சொன்னேன். என் வீட்டில் உட்கார நாற்காலி இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது.

டிவி பக்கத்து நிலத்துக்காரருடையது. ஐப்பசி மழையில் பாறை வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, வேலூரில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் சொல்லும்வரை கால் தரையில் படக் கூடாது, பட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், பிறகு மலையேற்றத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியே சாமை கதிர் முற்றி நின்றது. அதைப் படுத்துக்கொண்டே பார்க்கிற சுபாவம் அந்த மனிதருக்கு இல்லை. அவரைக் கட்டிலில் இருத்தி வைத்திருந்தது கபடிப் போட்டிகள் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து டிவியின் வலது பாதியில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழ ஆரம்பித்தன.

அவர் மனைவி என்னிடம் வந்து சொன்னது இதைத்தான். கபடி பாடிப் போகிற ஆள் நடுக்கோட்டைத் தாண்டியதும் காணாமல் போய்விடுகிறானாம். திரும்பி வந்தால்தான் உயிரோடு இருக்கிறான் என்று தெரிகிறதாம். இவருக்கு வெறுத்துப் போய், கதிரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து சுவத்தப் புடிச்சினு ஒரு கால்ல நின்னுட்டாரு மேடம். இன்னா பண்றதுன்னே தெர்ல. டிவி ஓடினா படுத்திருப்பாரு, ஓடலன்னா காலு போய்டும்."

கணியம்பாடியிலிருந்து டிஷ்காரர் ஏற்கெனவே வந்து, கேபிளை மாற்றி, கூரைமேல் இருந்த டிஷ்ஷைத் திருப்பிவிட்டுப் போயிருந்தார். பயனில்லை. ஆகவே பக்கத்து நிலத்துக்காரரின் மனைவியும் அவருடைய தம்பியும் டிவியைப் போர்வையில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். மதியம் முழுக்க ஓடவிட்டேன். ஒரு கோடு இல்லை. செய்தி வாசிக்கும் பெண்ணின் இரண்டு காதிலும் கம்மல் தெரிந்தது.

"உங்களப் பாத்துப் பயந்துடுச்சு போல" என்றார் அவர் மனைவி. அலுவலகத்தில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

திருப்பி எடுத்துப் போய் மாட்டினார்கள். அன்று சாயங்காலமே கோடு வந்துவிட்டது என்று ஆள் வந்தது. எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் ஓடாத கருவியைவிடச் சுவாரசியமான பொருள் உலகில் குறைவு. மறுநாள் விடியலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஒரே நீள அறை. ஒரு மூலையில் அடுப்பு, அதற்கு மேலே பரண். பரணில் சாமை விதை, சுரை விதை, நாரில் கட்டிய பூசணி எல்லாம் புகை படிந்து கறுத்துக் கிடந்தன. பரணுக்கு நேர் கீழே, அடுப்பை ஒட்டிய சுவரில் டிவி. எதிரே கட்டிலில் அவர். டிவியை ஏன் அங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. மலையில் எது கெட்டுப் போகக் கூடாதோ அதை அடுப்புக்கு மேலே வைப்பார்கள். புகை பட்டால் பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. விதை அப்படித்தான் அடுத்த ஆடி வரைக்கும் நிற்கிறது. மகள் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் வாங்கிய பெரிய பொருள் அந்த டிவி. அதை வேறெங்கே வைப்பார்கள்?

நான் முறைப்படி தொடங்கினேன். ரிமோட்டில் டிவியின் சொந்த மெனுவை வரவழைத்தேன். அப்போது படம் சுத்தமாக இருந்தது, ஆகவே காத்திருந்தேன். அவர் மனைவி களி கிண்ட உலை வைத்தார். நீர் கொதித்து ஆவி எழும்பிச் சுவரோடு மேலே போனது. வெளியே மழைக்குளிர், சுவர் சில்லென்று இருந்தது. மாவைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தபோது வலது பாதியில் முதல் கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று. களி உருண்டையாகி இறங்குவதற்குள் பாதித் திரை கோடிட்ட பாய்போல ஆகிவிட்டது. மெனுவின் எழுத்துகளின் மேலும் கோடுகள் ஓடின.

மெனுவை டிவி தானே எழுதிக்கொள்கிறது. அதற்கு டிஷ் தேவையில்லை, கேபிள் தேவையில்லை. அதன் மேலும் கோடு விழுந்தால் பழுது டிவிக்குள் இருக்கிறது. வலது ஓரச் சட்டத்தை விரலால் லேசாக அழுத்தினேன். கோடுகள் நகர்ந்து இடம் மாறின. உள்ளே ஏதோ இணைப்பு சரியாகத் தொடவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினோம். உள்ளே பரணில் இருந்த அதே கறுப்பு. திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் பட்டை ஒயரின் முனைகள் மேல் புகைக்கரி அப்பியிருந்தது. கரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். களி வேகும்போது ஈரம், உலர்ந்த பிறகு சரியாகிவிடும். என் வீட்டில் கேஸ் அடுப்பு வேறு அறையில் இருக்கிறது. அதனால்தான் டிவி அங்கே அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டது. பென்சில் ரப்பரால் முனைகளை மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினேன். உதிரிப் பட்டை ஒயர் கிடைக்குமா என்று கேட்டு, அன்றைக்கே தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். மாடல் எண், பழுதின் தன்மை, செய்த சோதனைகள், எல்லாம் வரிசையாக. அழகான கடிதம்.

இனி டிவி அடுப்புப் பக்கம் இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். எதிர்ச் சுவரில் மாட்டலாம். அதற்குக் கட்டிலைத் திருப்ப வேண்டும். திருப்பினால் தலை வடக்கே வரும்.

"வடக்க தல வச்சிப் படுக்கறதுக்கு நானு இன்னா செத்தா போய்ட்டேன்?" என்றார் அவர். இதற்கு என்னிடம் விதி இல்லாததால் சுவர்களை ஆராயத் தொடங்கினேன். மற்ற இரண்டு சுவர்களில் ஒன்றில் கதவு, இன்னொன்றில் மழை ஒழுகும். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அவர் சொன்னதும், மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"கால எறக்கினா அப்புறம் நீ ஊனுகோலோடதான் சாமை நெலத்துக்குப் போவ, தெரிஞ்சிக்கோ."

ரப்பர் வேலை அடுத்த நாள் சாயங்காலம்வரை தாங்கியது. பிறகு பாடிப் போனவன் மறுபடி காணாமல் போனான். அதற்கடுத்த நாள் நான் போனபோது மூலையில் அடுப்பே இல்லை. கற்களை ஆட்டுக் கொட்டகையின் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு, அங்கே அவர் மனைவி களி கிண்டிக்கொண்டிருந்தார். விதைக் கூடைகளும் அங்கே கயிற்றில் தொங்கின. டிவியை நகர்த்துவதைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அடுப்புக்கும் நடக்கத் தெரியும் என்று தோன்றவே இல்லை.

"எங்க மாமியா போட்ட அடுப்புன்னு மாமனாரு வந்து சத்தம் போடுவாரு. போடட்டும். அடுப்பு என்னுது" என்றார்.

மீண்டும் ஒருமுறை கரியைத் துடைத்தேன். அறை குளிராக இருக்கிறது, குழம்பு வாசனையே வரமாட்டேன் என்கிறது என்று கட்டிலில் இருந்தவர் நாள் முழுக்கக் குறை சொன்னார். ஆனால் படுத்துக்கொண்டு சொன்னார். சாமையை மனைவியின் தம்பியும் உறவுக்காரர்களும் அறுத்து அடித்தார்கள். ஒவ்வொரு கதிர்க்கட்டையும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் ஜன்னல் வழியே உத்தரவு போட்டார். எதிராளியின் பக்கம் போனவன் என்ன ஆனான் என்பதை ஒவ்வொரு சாயங்காலமும் முழுசாகப் பார்த்தார். மார்கழி பிறந்ததும் வேலூரில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகக் கூடியிருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டினாராம் டாக்டர்.

நிறுவனத்திடமிருந்து பதில் வந்தபோது நான் அவர்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாடலின் உதிரிப் பாகங்கள் இப்போது தயாரிப்பில் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று போனில் எழுதியிருந்தது. அதை அவருக்குக் கேட்கட்டும் என்று கட்டில் பக்கம் திரும்பிச் சத்தமாகப் படித்தேன். கட்டில் காலியாக இருந்தது. ஆளைக் கேட்டதற்கு, விடிந்ததுமே மலைமேல் இருக்கும் தங்கை வீட்டுக்கு நடந்து போய்விட்டாரென்று அவர் மனைவி சொன்னார். அன்று காணும் பொங்கல்.