தமுக்கடிக்காமல் வந்த தண்ணீர்

என் மகளுக்குக் காய்ச்சல் விட்டது கடற்காற்றாலா, கொயினா மாத்திரையாலா? இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தீவில் இருந்த நாட்களிலும் நான் மருந்தை நிறுத்தவில்லை. நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் துணிவு எனக்கு வரவில்லை.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டை. வயலும் வாய்க்காலுமாகக் குளிர்ந்து கிடக்கும். கொசுவுக்கும் மிகவும் பிடித்த ஊர். மகள் நடக்கத் தொடங்கிய பருவத்திலேயே குளிர்காய்ச்சல் அவளைப் பிடித்துக்கொண்டது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் நின்றது. உத்தமபாளையத்து டாக்டர், கொசு இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்ச நாள் கொண்டுபோய் வைத்திருக்கச் சொன்னார்.

அப்படி ஓர் இடம் எங்களுக்கு இருந்தது. பாம்பனுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார் என் கணவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அதன் பெருமைதான். காற்று ஓயாது, அதனால் கொசு தங்காது. மணலைக் கையால் தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர் ஊறும். காலையில் பிடித்த மீன் உச்சிக்குள் சட்டியில் கொதிக்கும். வண்டிச் சத்தம் இல்லை, வம்பு பேச ஆள் இல்லை.

"சொர்க்கத்துக்குப் போனவன் எவனும் திரும்பி வந்து சொன்னதில்ல. நான் வந்து சொல்றேன். ஒரு தரம் வந்துதான் பாரேன்" என்பார்.

மாசி மாதம் கிளம்பினோம். துணைக்கு என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, தானாகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

"நீ பாட்டுக்குப் புத்தகத்தைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துருவ. புள்ள தண்ணிக்குள்ள போயிரும்" என்றார்.

தேனியில் ரயிலேறி, மதுரையில் மாறி, பாம்பனில் தோணி பிடித்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் கொசுவலையும் எடுத்துப் போயிருந்தேன். என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் காக்கைக்குப் பயந்து கருவாட்டின்மேல் போர்த்தத்தான் அது உதவியது.

முதல் நாள் விடியலில் நான் ஏமாந்துபோனேன். எங்கள் பக்கம் இரண்டு புறமும் மலை. வெயில் மலையேறி வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே சூரியன் நேரே தண்ணீரிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. நேரமாகிவிட்டது என்று பதறி அடுப்பை மூட்டினேன். யாருமே எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நாத்தனார் ஊற்றுத் தண்ணீரில் துணியை அலசி, கடலை ஒட்டிய மணலில் விரித்துக் கல் வைத்துவிட்டு வந்தார். கோடையில் எங்கள் ஆற்றில் எல்லோரும் செய்வதுதான். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் முன்கூட்டியே ஊருக்குத் தமுக்கடித்துச் சொல்லிவிடுவார்கள். ஓடிப்போய்த் துணியை அள்ளிக்கொள்ளலாம். இங்கே சோறு வடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் சேலையெல்லாம் மிதக்கிறது.

"ஏ தம்பி, தமுக்குக்கூட அடிக்காம எந்தப் பய தண்ணியத் தொறந்துவிட்டான்?"

"யாரும் தொறக்கலக்கா. அதுவா ஏறும், அதுவா எறங்கும்."

"அப்ப மூடுறதுக்கு ஆளு?"

"அதுக்கும் ஆளு இல்ல."

"நல்லாருக்குடா நீ வேலை பாக்குற ஊரு. மடையும் இல்ல, மடைக்கு ஆளும் இல்ல. நான் யாரைப் போயி வையிறது?"

"வையிறத அப்பறம் வையி. ஒன் சேலை கொழும்புக்குப் போகுது, பிடி."

சிரித்துக்கொண்டே நானும் ஓடினேன். பள்ளிக்கூடத்தில் கடல் ஏறி இறங்குவதைப் படித்தவள்தான். ஆனால் அங்கே விரித்திருந்ததில் என் சேலையும் ஒன்று.

அதற்குள் மகள் ஒரு பாவாடையைத் துரத்திக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டாள். அலை வந்து அவளைச் சாய்த்தது. என் கணவர் பாய்ந்து தூக்கினார். உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அவள், "இன்னொருக்கா" என்றாள். நான்தான் அன்று முழுக்க அவள் கையை விடவில்லை.

ஆனால் அங்கிருந்தவரை அவளுக்குக் காய்ச்சல் வரவேயில்லை. மீனுக்குத் தட்டை நீட்டினாள். நண்டு வளைகளில் குச்சி விட்டு விளையாடினாள். கன்னம் உப்பியது. சித்திரையில் காற்றுக் கிளம்புமுன் ஊர் திரும்பினோம். கொயினாவை விடாமல் கொடுத்தும், கதிர் அறுப்பதற்குள் மறுபடி குளிர்காய்ச்சல் வந்துவிட்டது.

இப்போது என் கணவர் ஒரேயடியாக வந்துவிடச் சொல்கிறார். தை பிறந்ததும் தோணி அனுப்புகிறாராம். குடிசையைச் சுற்றித் தென்னமட்டையால் வேலி கட்டிவிட்டாராம். நாத்தனார் தடுப்பார் என்று எதிர்பார்த்து யோசனை கேட்டேன்.

"காய்ச்சல் எங்கன இருந்து வருதுன்னு தெரியல. தண்ணி எங்கன இருந்து வருதுன்னு தெரியுதுல்ல? கெளம்பு புள்ள. நான் காவலுக்கு உக்காந்துக்கிறேன்" என்றார்.

காலையில் அது சரியாகத் தோன்றுகிறது. சாயங்காலமானால், தீவில் டாக்டர் இல்லை, காற்று மாதங்களில் தோணி ஓடாது என்பதெல்லாம் நினைவுக்கு வருகிறது. வேலியைத் தாண்ட என் மகளுக்கு அதிக நாள் பிடிக்காது என்றும் தெரிகிறது.

கடலோரத்தில் பிள்ளை வளர்த்த தாய்மார் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஓடித் திரியும் பிள்ளையை அலையிலிருந்து எப்படிக் காத்தீர்கள்? தோணி ஓடாத நாட்களுக்கு என்ன மருந்து வைத்துக்கொண்டீர்கள்? என் இடத்தில் நீங்கள் இருந்தால் போவீர்களா? தைக்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.