எலி என்று எழுதிய பை

முதுகலை இரண்டாம் ஆண்டில் இரண்டு பொய்களைச் சுமந்துகொண்டு திரிந்தேன். மாமியாரிடம் பழைய பானை ஓடுகளைப் படிப்பதாகச் சொல்லியிருந்தேன். படித்தது மனித எலும்புகளை. தொல்லியல் துறையிலோ, நான் கர்ப்பமாக இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வழிகாட்டிப் பேராசிரியை என்னை எலும்பு மேசையிலிருந்து கிளப்பி நூலகத்தில் உட்கார்த்திவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். நல்லவேளை, எனக்கு வயிறு தெரியவில்லை.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கடலைக்காட்டில் முதுமக்கள் தாழி ஒன்று கிடைத்திருந்தது. உள்ளே மண்ணும் ஓர் ஆளின் எலும்புகளும். மண்ணைச் சலித்தபோது தீக்குச்சி கனத்தில் சில துண்டுகள் சல்லடையில் தங்கின. தாழிக்குள் எலி வளை போடுவது வழக்கம். வெயில் மண்டையைப் பிளந்தது. துண்டுகளைப் பாலித்தீன் பையில் போட்டு, 'எலி' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன்.

மறு மாதம் ஒரு மத்தியானம், ஆய்வறையில் நான் மட்டும். மூங்கில் குச்சியால் இடுப்பெலும்பின் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அகலமான இடுப்பு, பெண். என் வயதுதான் இருக்கும். கரண்ட் போய் ஃபேன் நின்றது. உட்பக்கத்து மண்கட்டி உதிர்ந்து, அதிலிருந்து ஒரு துண்டு மேசையில் விழுந்தது. பையில் இருந்தவற்றைப் போலவே இருந்தது. எலி எங்கெல்லாம் போகிறது பார் என்று சிரிப்புதான் வந்தது. பையைப் பிரித்துக் கொட்டினேன்.

எலியின் தொடையெலும்பில் குமிழ் இருக்கும். இதில் இல்லை. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தன. கருவின் எலும்பு அப்படித்தான் இருக்கும் என்று போன செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அளந்தேன். முப்பத்து மூன்று மில்லிமீட்டர். இதே எண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. முந்தாநாள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் கைப்பையில் இருந்தது. அதில் குழந்தையின் தொடையெலும்பு நீளமும் போட்டிருப்பார்கள். முப்பத்து மூன்று.

தனியாக இருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன். அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்.

பேராசிரியை வந்தபோது எதையும் மறைக்கத் தெம்பில்லை. அந்த எலும்பையும் ரிப்போர்ட்டையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன மாசம்?"

"ரெண்டுக்கும் அஞ்சு, மேடம்."

"இம்புட்டு நாளா வாயத் தொறக்கலையேம்மா. மொதல்ல எந்திரி."

பையில் 'எலி' என்பதை அடித்து, புதிதாக எழுதிவிட்டு எழுந்தேன். தாழியில் இருந்தவர்கள்: இருவர்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் என் முகத்தையே பார்த்தார். "என்னத்தா, பேயறஞ்ச மாதிரி இருக்க? பானைக்குள்ள என்ன இருந்துச்சு?"

"மண்ணுதான் அத்தை."

அடுத்த ஸ்கேனுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்தப் பெண் எதனால் செத்தாள் என்று எலும்பு சொல்லவில்லை. காய்ச்சலாக இருக்கலாம், பாம்பாக இருக்கலாம். என் பிள்ளையும் முப்பத்து மூன்றிலேயே நின்றுபோகும் என்று பயந்தேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். பயம் போகவில்லை. சில நாள் வயிற்றில் அசைவு தெரியாதபோது, அவள் கடைசியாக எப்போது அசைவை உணர்ந்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றுவிடுவேன்.

ஆரப்பாளையத்து ஸ்கேன் சென்டரில் டாக்டர் ஒவ்வொரு அளவாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தொடையெலும்பு, ஐம்பத்து இரண்டு. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"நல்லாத்தான வளருது, எதுக்கும்மா அழுகுற?" என்றார் டாக்டர்.

முதலில் வந்தது பயம் விட்ட அழுகைதான். பிறகு வந்தது வேறு. அந்த இரண்டு மாதமும் தாழிக்காரியும் நானும் சேர்ந்தே பிள்ளை சுமப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. இப்போது நான் மட்டும் முன்னால் வந்துவிட்டேன். அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்ததற்குத்தான் அழுகிறேன் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்ல?