இரண்டு லைன், ஒரு கம்பம்

சுள்ளிக்கலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுதா, கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாமென்று போன புதன்கிழமை மட்டாஞ்சேரிக்குப் போனேன்.

பழைய மிளகுக் கிடங்கு. கீழே காரம் மூக்கைப் பிடித்து உலுக்குகிறது. மேலே ஏசி அறையில் சுதாவும் ஒரு திரையும். போடி, குமுளி, தூத்துக்குடி... மசாலா கம்பெனியின் கிளைகளெல்லாம் அதில் பச்சைக் கோடுகளாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. எந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டுமென்று இங்கிருந்தே சாஃப்ட்வேரில் சொல்லிவிடுவாளாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒயரைத் தொடவே வேண்டாம்!

"லைன் போச்சுன்னா?"

"இன்னொண்ணு இருக்குண்ணா. ரெண்டு நெட் கம்பெனி, ரெண்டு லைன். போன மாசம் ஒரே லைன் இருந்தப்ப, ஏலத்துக்கு நடுவுல நின்னுடுச்சு. இன்னொரு தடவ நின்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

அன்றும் ஏலம். ஏலக்காய் போடியில், விலை கேட்பது இங்கிருந்து, கம்ப்யூட்டரில்.

கண்ணாடியை மாட்டினாள். இந்தக் கட்டடத்திலிருந்து கிளம்பும் இரண்டு கோடும் ஒன்றாகச் சிவந்தன.

ஜன்னலுக்கு ஓடினோம். கீழே சுக்கு மூட்டை லாரி. லோடு உயரமாக வந்தால், கவைக்கம்பால் ஒயர்களைத் தூக்கிப் பிடிக்க இந்தத் தெருவில் ஓர் ஆள் உண்டு. அவர் சாயா குடிக்கப் போயிருந்தார். இரண்டு கம்பெனி ஒயரும் ஒரே கம்பத்திலிருந்து அறுந்து, மூட்டைகளுக்கு மாலையாகிக் கிடந்தன.

"கம்பத்தப் பாக்காம விட்டுட்டேனே... அண்ணா, உங்க போனக் குடுங்க!"

போனை ஒரு பெட்டியில் செருகினாள். போன் நெட்டின் அந்தச் சின்ன வழியில் ஏலத்தை மட்டும் விட்டாள். பில், வீடியோ கால், முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளைகளைக் கண்காணிக்கும் கேமரா — எல்லாம் நின்றன.

அடுத்த அறையிலிருந்து முதலாளி குரல். "சுதே, எந்தா இது! என்டெ கேமரா எவிடே?"

"வரிசையில நிக்குது சார்."

"எந்த வரிசை?"

"கடைசி வரிசை சார். ஏலம் ஓடுது."

எழுந்து வந்தார். முகம் மிளகாய் வற்றல். அதே நேரம், பக்கத்து மேஜை கம்ப்யூட்டரில் ஏலத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த ஜோஸ் சேட்டன் துள்ளினார். "கிட்டி சாரே, சரக்கு நமக்குத்தான்!"

முதலாளி வந்த வழியே தன் அறைக்குத் திரும்பினார்.

வழி அகலமாக இருக்கும்வரை எல்லோருமே முக்கியஸ்தர்கள். சுருங்கும்போதல்லவா யார் காத்திருக்கலாம் என்று தெரிகிறது?

மாலையில் ஒயரைக் கட்டினார்கள். இரண்டாவது லைனை இப்போது பின்பக்கம், படகுத்துறை வழியாக இழுத்தாயிற்று. பில்லும் வீடியோ காலும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. கேமராவை மட்டும் சுதா கடைசியிலேயே விட்டு வைத்திருக்கிறாள்.

முதலாளி இன்னும் கேட்கவில்லை.