பச்சை மைக் கையெழுத்து

போன வாரம் மெட்ரோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், ஓடுகிற ரயிலிலேயே நகத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நகம்கூடப் பிசகவில்லை. என் மூக்கு மட்டும் நாற்பது வருடத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது. கரோல் பாக்கில் இறங்க வேண்டியவள், இரண்டு நிலையம் தாண்டி இறங்கினேன்.

அது ஸ்டென்சில் திருத்துகிற திரவத்தின் வாசனை. ஸ்டென்சில் என்றால் இன்றைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். மெழுகு பூசிய தாள். டைப் அடித்தால் எழுத்து அதில் வெட்டிக்கொண்டு விழும். உருளையில் மாட்டி மை தடவிச் சுற்றினால் நூறு பிரதி வரும். தப்பாக அடித்துவிட்டால் சின்னப் புட்டியிலிருக்கிற சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். நெயில் பாலீஷும் அதுவும் ஒரே வாசனை, கிட்டத்தட்ட ஒரே நிறம். மாதக் கடைசியில் அதையே நகத்தில் பூசிக்கொண்டு ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். கேட்டவர்களிடம் பம்பாயிலிருந்து வந்தது என்று சொன்னேன். இருபத்திரண்டு வயது, என்ன சொன்னாலும் நம்புவார்கள் என்று நினைக்கிற வயது.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் அது. டெல்லியில் ஒரு டிரஸ்ட் நடத்திய கல்லூரியில், பிரின்ஸிபாலுக்கு ஸ்டெனோவாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்தி அரைகுறை. யார் எது சொன்னாலும் 'அச்சா' என்று தலையாட்டுவேன், திட்டினாலும்கூட. பிரின்ஸிபால் கும்பகோணத்துக்காரர் என்பதால் பிழைத்தேன். வெள்ளைக் கதர் சட்டை, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. மாணவர்களுக்கு அவர்மேல் பயம் கிடையாது, மரியாதை உண்டு. அதற்குக் காரணம் ஒரு பலகை.

கேன்டீன் வாசலில் இருந்தது அந்தப் பலகை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிப் பின் குத்தி வைக்கலாம். ஒரே ஒரு விதி, பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மொட்டைக் கடிதாசுக்கு இடமில்லை. தினமும் பதினோரு மணிக்குப் பிரின்ஸிபால் வருவார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் படிப்பார், ஓரத்தில் பச்சை மையால் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவார். பார்த்தேன் என்று அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. பச்சை விழுந்த காகிதத்தை ஏழு நாளைக்கு யாரும் கழற்றக் கூடாது. அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்து ஒருவன் எழுதியிருந்தான். அதற்கும் பச்சை போட்டார்.

எமர்ஜென்சியில் அந்தப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார்களாம். அது முடிந்த அன்று பிரின்ஸிபாலே வந்து, யாரையும் கூப்பிடாமல், தன் கையாலேயே திருப்பி மாட்டினாராம். அன்றைக்கு நான் டெல்லியிலேயே இல்லை. இருந்தாலும், பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்த மாதிரி கரோல் பாக் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பலகைக்கு எதிரே புது லைப்ரரி எழும்பிக்கொண்டிருந்தது. டிரஸ்டின் தலைவர் ஒரு மில் முதலாளி, சேட்ஜி என்பார்கள். தன் தகப்பனார் பெயரில் அவர் கட்டிக் கொடுக்கிற கட்டடம். இரண்டு மாடிச் சுவர் எழும்பியிருந்தது, கூரை போடவில்லை. அதுவரை புத்தகங்கள் ஒரு ஷாமியானாத் துணிப்பந்தலுக்குள் பெட்டி பெட்டியாக இருந்தன, மழை வந்தால் நாங்களெல்லாம் ஓடிப்போய்த் தார்ப்பாய் போடுவோம். கட்டுகிறவர்கள் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். தகரமும் சாக்கும் வைத்துக் கட்டிய குடிசைகளில் அங்கேயே இருந்தார்கள். சித்தாள் பெண்கள் மட்டும் முப்பது நாற்பது பேர்.

அதில் பச்சையம்மாள் என்பவள் எங்கள் ஆபீஸ் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். திண்டிவனம் பக்கம், எனக்கும் அதே பக்கம்தான். அவள் பேசினால் எனக்கு ஊர்ச் சந்தையில் நிற்கிற மாதிரி இருக்கும், வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு காலை சாரத்தின் கயிறு அறுந்து குப்பன் என்கிற கொத்தனார் மேலிருந்து விழுந்து செத்துப்போனார். தனியாள், பெண்டாட்டி ஊரில். குடித்துவிட்டு ஏறினான், விழுந்தான் என்று கான்டிராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் வந்தது, தலையாட்டிவிட்டுப் போனது. மறுநாள் வேலை நடந்தது.

கல்லூரிப் பத்திரிகைக்கு ஆசிரியராக சுதா என்று ஒரு மாணவி இருந்தாள். லக்ஷ்மிபாய் நகர் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்ப் பெண், டெல்லியிலேயே பிறந்தவள். நடந்ததை எழுதிப் பலகையில் வைக்க வேண்டும் என்று குடிசைப் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவங்க ஜல்தி ஜல்தி பேசறாங்க. பாதி புரியல. நீங்க வாங்களேன், ப்ளீஸ்."

போனேன். மற்றவர்கள் குடிசைக்குள் போய்விட்டார்கள். பச்சையம்மாள்தான் பேசினாள். அன்று காலை குப்பனுக்குக் கலவை ஏற்றிக் கொடுத்தவள் அவள்.

"கவுறு நைஞ்சு போச்சுன்னு ரெண்டு நாளா மேஸ்திரிகிட்ட சொல்லிக்கினுதான் இருந்தாரு. அந்தாளு வாயில சாராயம் பட்டதேயில்ல தாயி. ஊருல அவரு பொண்சாதிக்கு, குடிச்சிட்டு செத்தான்னு சேதி போயிருக்குது. அத்த மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க."

அவள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். கீழே ஆங்கிலத்தில் என் மெஷினிலேயே டைப் அடித்தேன். சுதா எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். நான்தான் நிறுத்தினேன். பெயர் இல்லாமல் பலகையில் வைக்கக் கூடாதே. சுதா தன் பெயரைப் போடுகிறேன் என்றாள். சொன்னது அவள் இல்லையே, சொன்னவர்தான் போட வேண்டும் என்றேன். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாதவள், ஏதோ அந்த விதியை நானே உட்கார்ந்து எழுதின மாதிரி.

"பேரு மட்டும் வாணாம் தாயி," என்றாள் பச்சையம்மாள். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா சைட்டுல நிக்க உடமாட்டான்."

"இங்க அதெல்லாம் ஒண்ணும் ஆகாது," என்றேன். "பிரின்ஸிபால் இருக்கார்."

ஆபீஸ் முத்திரை மைப் பெட்டியைக் கொண்டுபோய் நானே அவள் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வாங்கினேன். சிமென்ட் தின்ற விரல், முதல் தடவை சரியாக விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். பக்கத்தில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பிரின்ஸிபால் அந்தக் காகிதத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். தமிழையும் படித்தார், ஆங்கிலத்தையும் படித்தார். பேனாவை எடுத்துப் பச்சை போட்டார். கேன்டீனில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்கப்புறம் எப்போதாவது இருந்திருக்கிறேனா என்று யோசித்தால், இல்லை.

அடுத்த நாள் சேட்ஜி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். டீ குடித்தார். அரைக் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. தகப்பனார் பெயரில் கட்டுகிற கட்டடம், அதன் வாசலுக்கு நேர் எதிரே இப்படி ஒரு காகிதம், மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கூரைக்கு இரும்பு வர வேண்டிய சமயம், அதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். "ஆகே ஆப்கி மர்ஜி," இனி உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது எனக்கும் ஓர் ஆரஞ்சு கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

பிரின்ஸிபால் கூப்பிட்டார். சுருக்கெழுத்து நோட்டோடு போய் உட்கார்ந்தேன். பலகையில் இனிமேல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் மட்டுமே எழுதலாம், கல்லூரி சம்பந்தப்பட்டதை மட்டுமே எழுதலாம், மற்றவை உடனே நீக்கப்படும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு,

"நீதானேம்மா டைப் பண்ணிக் கொடுத்தே? உன் மெஷின் எழுத்து எனக்குத் தெரியாதா," என்றார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "நீங்க இருக்கீங்கன்னு சொல்லித்தான் சார் அவகிட்ட ரேகை வாங்கினேன்," என்றேன்.

பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். அப்புறம், "கூரையில்லாத லைப்ரரியை வெச்சுண்டு நான் என்ன பண்றது, சொல்லு," என்றார். நான் பதில் சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே காத்திருந்தார் போலிருந்தது.

எனக்கு என் வேலை நிரந்தரமாக வேண்டும். எழுந்து போய் ஸ்டென்சிலை மாட்டினேன். ஒரு தாளில் ஒரு தப்புகூட வராதவள் என்று பெயர் வாங்கினவள், அந்த ஒரு அறிவிப்பில் மூன்று இடத்தில் தப்பு அடித்தேன். மூன்று தடவை சிவப்பைத் தடவி, மூன்று தடவை ஊதி உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனைதான் மெட்ரோவில் வந்தது.

காகிதத்தைக் கழற்றும் வேலையும் என்னிடம்தான் வந்தது. ஏழு நாளில் இரண்டுதான் ஆகியிருந்தது. நான்கு பின்னையும் எடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நேராகப் பச்சையம்மாளைப் பார்க்கப் போனேன். குடிசை இருந்த இடத்தில் அடுப்புக்கல் மூன்று கிடந்தது. பக்கத்துக் குடிசைப் பெண் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை.

"காலைலயே சாமானத் தூக்கி வெளிய போட்டுட்டாங்க. எங்க போனாளோ. பேரு இருந்துச்சாமே அதுல," என்றாள்.

அந்தப் பெயரை எழுதினவள் நான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் காகிதத்தை மகள் பலகையில் வைத்ததற்காக, சுதாவின் அப்பா வந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். பரீட்சை எழுதிவிட்டுப் போகிறவரை அவள் என்னோடு பேசவில்லை. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் போய் விசாரித்தேன். நாலாவது ஞாயிறு போகவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. லைப்ரரிக்குக் கூரையும் வந்தது. திறப்பு விழா அழைப்பிதழை நான்தான் அடித்தேன், ஒரு தப்பும் இல்லாமல்.

சமீபத்தில் ஒரு வேலையாக அந்தக் கல்லூரிப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். ஆபீஸ் குழாய் இல்லை, குடிசைகள் இருந்த இடம் கார் நிறுத்துமிடம். பலகை இருந்த சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி, பூட்டு தொங்குகிறது. பிரின்ஸிபால் காலமாகி எத்தனையோ வருடம் ஆகிறது. லைப்ரரி வாசலில் சேட்ஜியின் தகப்பனார் பளிங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

மெட்ரோவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சர்ட்டிபிகேட் வைக்கிற பையைத் தேடி எடுத்தேன். அந்தக் காகிதம் அதில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. குப்பன் குடிக்கமாட்டார் என்பதை இன்னும் படிக்க முடிகிறது. நான் பென்சிலால் எழுதின பெயர் தேய்ந்துவிட்டது, கட்டைவிரல் ரேகை இருந்த இடத்தில் வெறும் மங்கல். ஓரத்தில் பிரின்ஸிபாலின் பச்சைக் கையெழுத்து மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி இருக்கிறது. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.